கேமராவுக்கு எதிர் சீட்டு

வலங்கைமான் முருகையன் டென்னிஸ் பார்க்க லண்டன் போகிறார் என்றதும், தஞ்சாவூரில் டிராவல்ஸ் நடத்தும் மீரா சாகிப்புக்குத் தலைகால் புரியவில்லை.

“உங்களுக்கு எந்த ஆட்டக்காரரைப் பிடிக்கும்ண்ணே?”

“எவன் ஆடுனா நமக்கென்ன தம்பி? டிவியில ஜனங்களைக் காட்டுவான்ல, அந்த இடத்துல ஒரு சீட்டு போடுங்க.”

சாகிப் தேடிப் பிடித்துப் போட்டார்.

“வெள்ளை வேட்டி பளிச்சுனு தெரியுமா?”

“ஜோராத் தெரியும். இவ்வளவு செலவு எதுக்குண்ணே?”

முருகையன் குரலைத் தாழ்த்தினார். “பங்காளி ரெத்தினத்தோட வரப்புத் தகராறு. பேச்சுவார்த்தையே கிடையாது. பய டிவியில டென்னிஸ்னா உசிரை விடுவான். நடுவுல என் மூஞ்சியைப் பார்த்து அவன் வயிறு எரியணும்.”

சாகிப் கம்ப்யூட்டரை மறுபடி ஒருமுறை பார்த்தார். “அண்ணே, அவரும் நேத்து வந்து இப்படித்தான் சீட்டு போட்டாரு. டிவியில அவரைப் பார்த்து உங்க வயிறு எரியணுமாம். உங்க பக்கத்து சீட்டே அவருதுதான். கேன்சல் பண்ணிடவா?”

முருகையன் மீசையைத் தடவியபடி யோசித்தார்.

“வேணாம். ரெண்டு சீட்டுக்கும் நடுவுல கை வைக்கிற கட்டை இருக்குமே, அது யார் பேர்ல பட்டா?”