ஒரு சொட்டு ரத்தம்

மலேரியா முகாமில் கத்திக் கத்தி நர்ஸுக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது.

"விரலை நீட்டுங்க சார்! ஒரு சொட்டு ரத்தம்தான், கால் மணி நேரத்துல தெரிஞ்சிடும்."

காய்ச்சலில் நடுங்கியவர் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். "இந்த டெஸ்ட் கிட் எல்லாம் வேணாம். பெரிய ஆஸ்பத்திரியில மைக்ராஸ்கோப்புல பார்த்துக்கறேன்."

"அதுக்கு அரை நாள் பஸ்ஸுல போகணும். காலையிலேர்ந்து எத்தனை பேருக்கு மலேரியா இல்லைன்னு சொல்லி அனுப்பியிருக்கேன், யாராவது இப்படி அடம் பிடிச்சாங்களா?"

"அவங்களுக்கு வேற வழியில்ல."

நர்ஸுக்குப் பொறுமை போய்விட்டது. "சார், இந்தக் கிட்டைக் கண்டுபிடிச்சதே நீங்கதானே!"

அவர் குரலைத் தாழ்த்தினார். "அதனாலதான்மா வேணாங்கறேன்."

நர்ஸ் கையிலிருந்த ஊசியைக் கீழே போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள். அவள் கடைசியாக அனுப்பிய பெண், காய்ச்சல் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நிம்மதியாகப் படியிறங்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நில்லுங்க!"