சாட்சி மீன்

மெக்கானிக் ஷெட் முதலாளிக்கு மண்டை குடைந்தது. தொட்டியில் விட்ட கெண்டை மீன் நன்றாக வளரும். திடீரென்று ஒரு நாள் காலையில் பாதியாகச் சுருங்கிக் கிடக்கும். இதுவரை இரண்டு தடவை இப்படி ஆகிவிட்டது.

கார் கழுவிய தண்ணீரை அவர் சாக்கடையில் விடுவதில்லை. எண்ணெயைப் பிரித்து, வடிகட்டி, வாசல் தொட்டியில் நிரப்புவார். "மீனே துள்ளுது பாருங்க, தண்ணி அவ்வளவு சுத்தம்!" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையடிப்பார். நடுவில் ஒரு தடவை வடிகட்டி பழுதானதை ஷெட்டில் வேலை பார்க்கும் பெயிண்டர்தான் கண்டுபிடித்துச் சொன்னார். எப்படி என்று முதலாளிக்கு இன்னும் விளங்கவில்லை.

"மீன் எங்கேயாவது சுருங்குமா?" என்று மனைவியிடம் கேட்டார்.

"முதல்ல கண் டாக்டரைப் பாருங்க."

மறுநாள் சீக்கிரமே ஷெட்டுக்குப் போனார். பெயிண்டர் பையிலிருந்து ஒரு குட்டி மீனைத் தொட்டியில் விட்டுக்கொண்டிருந்தார்.

முதலாளிக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அப்போ பழசு செத்துப்போச்சா? ஊரையே ஏமாத்திட்டேனேய்யா! தொட்டியை இன்னிக்கே உடைச்சிடறேன்."

"ஐயோ, சாகலை முதலாளி!" பெயிண்டர் தலையைச் சொறிந்தார். "இந்தத் தண்ணியில கொழுகொழுன்னு வளருது. தினமும் பார்த்தா நாக்கு சும்மா இருக்குமா? வீட்டுல வறுத்துட்டோம்."

திட்டுவதா, தட்டிக்கொடுப்பதா என்று முதலாளிக்குப் புரியவில்லை. அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"டீசல் வாடை அடிச்சுதாய்யா?"

"இந்தத் தடவை இல்லை. போன தடவை அடிச்சுது முதலாளி. அதான் வடிகட்டியை மாத்தச் சொன்னேன்!"