ரூமியானா அக்காவுக்குப் பிடிக்காத படம்

பேருந்து கிளம்பும் காட்சியிலேயே ரூமியானா அக்கா திட்ட ஆரம்பித்துவிட்டாள்.

திரையில் ஓர் இளம் தாய் இத்தாலிக்குப் போகும் பேருந்தில் ஏறினாள். உதட்டில் சிவப்புச் சாயம். கீழே ஐந்து வயது மகன் கையை ஆட்டிக்கொண்டு நின்றான். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இது எந்த ஊரு பஸ்ஸு? ஜனவரி மாசம் கண்ணாடி பூரா பனி உறைஞ்சு கெடக்கும். நகத்தால சுரண்டுனாலும் வெளிய ஒண்ணும் தெரியாது."

முன்வரிசைக்காரர் திரும்பி முறைத்தார்.

எனக்கு இது புதிதில்லை. எங்கள் ஊரான ரூசேயில் ஒரு ஹோட்டலின் சலவைக்கூடத்தில் நானும் அக்காவும் வேலை பார்க்கிறோம். இரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்குச் சேர்ந்து வருகிறோம். அவளுக்குப் பிடித்த படம் என்று ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. காதல் படம் என்றால், "இவனுக்கு வேலை வெட்டியே கெடையாதா?" விண்வெளிப் படம் என்றால், "ரெண்டு மணி நேரமா ஒருத்தனும் ஒண்ணுக்குப் போகலியே." சூரியகாந்தி விதையைக் கடித்துத் தோலைத் துப்பிக்கொண்டே திட்டுவாள். படிக்கட்டு இறங்கும்வரை திட்டுவாள். அதைக் கேட்கத்தான் நான் டிக்கெட் எடுக்கிறேன் என்றும் சொல்லலாம்.

இந்தப் படத்துக்குக் கூப்பிட்டது அவள். எங்கள் ஊர்ப் பையன் எடுத்தது. படம் முடிந்ததும் இயக்குநர் தெயான் பேசுவார் என்று சுவரொட்டியில் போட்டிருந்தது.

இன்று விதைப் பொட்டலத்தை அவள் பிரிக்கவே இல்லை.

திரையில் அந்தத் தாய் இப்போது ஓர் எலுமிச்சை மரத்தடியில், கையில் ஒயின் கோப்பையுடன், யாரோ ஓர் ஆளோடு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நாசமாப் போறவ," என்றாள் பின்னால் ஒரு பெண்.

அக்கா சட்டென்று திரும்பினாள். "நீ போய்ப் பாத்தியாடி?"

அக்கா பதினோரு வருடம் இத்தாலியில் இருந்தவள். படுத்த படுக்கையாகக் கிடந்த ஒரு கிழவியைத் தூக்கி, குளிப்பாட்டி, கடைசிவரை பார்த்துக்கொண்டவள். எங்கள் ஊர்ப் பெண்கள் பாதிப் பேர் அப்படிப் போனவர்கள்தான். அந்தக் கோபம் என்று நினைத்தேன்.

அடுத்த காட்சியில் சிறுவன் பேருந்து நிலையத்துக்கு ஓடினான். அவனுடைய பிறந்தநாள். இத்தாலியிலிருந்து வந்த ஓட்டுநரிடம், அம்மா ஏதாவது கொடுத்தனுப்பினாளா என்று கேட்டான். ஓட்டுநர் உதட்டைப் பிதுக்கினார்.

அக்கா எழுந்து நின்றுவிட்டாள்.

"பொய்! மாசாமாசம் பார்சல் வந்துச்சு. அப்பன்காரன்தான் வாங்கினான். முப்பத்தொண்ணாம் நம்பர் ஷூ, பச்சக் கலரு, அவன் வாங்கலன்னு சொல்லட்டும் பாப்போம்!"

"யம்மா, உக்காருங்க!" "அந்தப் பொம்பளய வெளிய அனுப்புங்கப்பா!" யாரோ சிரித்தார்கள். யாரோ சோளப்பொரியை விட்டெறிந்தார்கள்.

படத்தில் ஷூ என்று ஒன்று வரவே இல்லை.

நான் அவள் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன்.

விளக்குப் போட்டதும் தெயான் மேடையேறினான். முப்பது வயதிருக்கும். ஒல்லி. இது என் சொந்தக் கதை என்றான். அம்மா போனபோது தனக்கு ஐந்து வயது என்றும், முகம்கூட நினைவில்லை என்றும், அப்பா ஒரு புகைப்படத்தைக்கூட விட்டுவைக்காமல் அடுப்பில் போட்டுவிட்டார் என்றும் சொன்னான்.

"அவங்க இந்தப் படத்தப் பாத்தா?" என்று ஒருவர் கேட்டார்.

"பாக்க மாட்டாங்க. அங்க நல்லா இருக்காங்கல்ல?"

அரங்கம் கைதட்டியது.

வெளிக்கூடத்தில் அவன் சுவரொட்டிகளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தான். நீண்ட வரிசை. அக்கா அதில் போய் நின்றாள். நான் அவளுக்குப் பின்னால். நாற்பது நிமிடம். போகலாமா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அவன் நிமிர்ந்து பார்த்ததும் சிரித்துவிட்டான்.

"நீங்கதான பொய்னு கத்துனது?"

"ஆமா."

"அப்படி எதும்மா பொய்?"

அக்கா அவனையே பார்த்தாள். நெற்றியை, காதை, பேனா பிடித்திருந்த விரல்களை. பின்னால் இருந்தவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள்.

"அந்த எலுமிச்ச மரம்," என்றாள். "அந்த வீடுகள்ல வேலைக்குப் போறவள யாரும் மரத்தடியில உக்கார விட மாட்டாங்க."

"அது படத்துக்காக வச்சதும்மா." இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். ஒரு சுவரொட்டியை இழுத்து வைத்தான். "பேர் சொல்லுங்க, எழுதித் தரேன்."

"பெபா."

அவன் எழுதினான். ஊதிக் காயவைத்து, இரண்டு கையாலும் நீட்டினான்.

தெருவுக்கு வந்ததும் அக்கா சுருட்டிய சுவரொட்டியை என் பையில் திணித்தாள்.

"இந்தா, உன் பேருதான் போட்டிருக்கு. நீயே வச்சுக்க."