பட்டினி போட்ட டீச்சர்

"உங்க பேத்தியைப் பூட்டி வெச்சிருக்காங்க, மிஸ்டர் அட்டகாய். காலையிலேர்ந்து பச்சைத் தண்ணிகூடக் கொடுக்கலை."

மிஷன் பள்ளி வாசலில் பிக்கப் வண்டியை விட்டு இறங்கியவரிடம் பாஸ்டர் ஹெல்மர் முதலில் இதைத்தான் சொன்னார்.

ஹாஸ்கி அட்டகாய் மலையில் ஆடுகளோடு கிடந்துவிட்டு அன்றுதான் கீழே இறங்கியிருந்தார். வாரக்கணக்கில் மனித முகம் பார்க்கவில்லை. வண்டியிலிருந்த ரேடியோ பாடுவதை நிறுத்தி வருஷமாகிறது. விடுதியில் தங்கிப் படிக்கும் பேத்தி ரோலந்தாவைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தவர்.

"யாரு பூட்டினது?"

"வெர்னா டீச்சர். பிள்ளைங்க எல்லாரையும் சாப்பாட்டுக் கூடத்துல அடைச்சிட்டாங்க. ஜன்னலுக்கெல்லாம் கம்பளி. சிகாகோவிலேர்ந்து விருந்தாளிங்க வந்திருக்காங்க, பிள்ளைங்களுக்காக மைதானத்துல பெரிய ஏற்பாடு. எல்லாம் போச்சு. வேலையை விட்டு நிறுத்திட்டேன்னு சொல்லியும் திறக்கலை."

வெர்னா எட்சிட்டி. செய்யக்கூடியவள்தான்.

இருவரும் இதே விடுதியில் வளர்ந்தவர்கள். ஒரே குலம். அப்படிப் பார்த்தால் தங்கை முறை. அந்தத் தங்கைதான், அவர் படுக்கையில், விடுதியில் பேசக் கூடாதென்றிருந்த தங்கள் பழங்குடி மொழியான நவஹோவில் பேசியதை வார்டனிடம் போட்டுக்கொடுத்தாள். வாயில் சோப்பைத் திணித்தார்கள். சோறில்லாமல் நிலவறையில் பூட்டினார்கள். மறுநாள் ஓடிப்போனவர் அப்புறம் எந்தப் பள்ளிக்கூடத்திலும் கால் வைக்கவில்லை. அவள் படித்து, அங்கேயே டீச்சராகிவிட்டாள்.

வெள்ளைக்காரனே அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டான். இவள் விடவில்லை பார்.

"கடப்பாரை இருக்கா?" என்றார் ஹாஸ்கி.

பாஸ்டர் தாமே ஓடிப்போய் எடுத்து வந்தார்.

மைதானத்தில் விருந்தாளிகள் மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்து குளிர்பானம் குடித்துக்கொண்டிருந்தார்கள். வெயில் ஏதோ சோகை பிடித்த மாதிரி இருந்தது. புழுதிக்காற்று வரப்போகிறதாக்கும் என்று நினைத்துக்கொண்டு கதவைத் தட்டினார்.

"ஏய் வெர்னா. திற."

"யாரு, ஹாஸ்கி அண்ணனா?"

"அண்ணனாம் அண்ணன். சோப்பு திங்க வெச்சப்போ தெரியலையா, அண்ணன்னு?"

"அதுக்கு அப்புறமா வந்து திட்டுங்க. இப்போ நீங்க வெளிய நிக்கிறதே தப்பு. போய் வண்டிக்குள்ள உக்காருங்க."

"என்னையே மிரட்டுறியா? பிள்ளைங்களுக்கு ஏன் சோறு போடலை?"

"நானும்தான் திங்கலை."

"நீ தின்னா என்ன, திங்காட்டி என்ன? என் பேத்தியை விடு. இன்னையோட இந்தப் பள்ளிக்கூடத்துக்குத் தலைமுழுகியாச்சு. அவ ஆடு மேய்ச்சுப் பிழைச்சுக்குவா."

"நாளைக்குக் கூட்டிட்டுப் போங்க. நானும் வர்றேன், எனக்கும்தான் வேலை போச்சு. ஆனா இன்னைக்கு, இப்போ, ஒரு பிள்ளையையும் விடமாட்டேன்."

"எனக்கு நாய் இருக்கு. ஆடு மேய்க்க நீ வேண்டாம்."

கடப்பாரையைக் கதவிடுக்கில் சொருகி ஒரு நெம்பு நெம்பினார். பலகை விரிந்தது. பின்னாலிருந்து யாரோ கைதட்டினார்கள்.

"தாத்தா, உடைக்காதீங்க."

ரோலந்தாவின் குரல். நவஹோவில் பேசினாள். இந்தக் கட்டடத்துக்குள்ளிருந்து அந்த மொழி சத்தமாகக் கேட்டது அவருக்குப் புதுசாக இருந்தது.

"அடிச்சாளா உன்னை?"

"இல்ல."

"பசிக்குதா?"

"பசிக்குது. ஆனா இப்போ திங்கக் கூடாதே. சூரியன் செத்துக்கிட்டிருக்கு, தாத்தா. அவங்க எங்களை வெளிய நிறுத்தி அதைப் பார்க்கச் சொன்னாங்க. டீச்சர் மாட்டேன்னுட்டாங்க. நீங்க ஏன் அவங்களோட சேர்ந்துக்கிட்டு நிக்கிறீங்க?"

ஹாஸ்கி தரையைப் பார்த்தார். பக்கத்து மரத்தின் இலை வழியே விழுந்த வெயில் பொட்டுகளெல்லாம் அரிவாள் அரிவாளாகக் கிடந்தன.

கிரகணம்.

நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அவர் வீட்டில் யாரும் அந்த நேரத்தில் வாசல் தாண்டியதில்லை, வாயில் எதுவும் போட்டதில்லை, அண்ணாந்து பார்த்ததில்லை. மைதானத்தில் விருந்தாளிகள் அட்டைக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, ஆளுக்கொரு ரொட்டியைக் கடித்தபடி ஆகாசத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெட்டி நிறைய, பிள்ளைகள் முகத்துக்கு ஏற்ற சின்னக் கண்ணாடிகள் காத்திருந்தன.

கடப்பாரையைக் கீழே போட்டார்.

"வெர்னா, கதவைத் திற."

"எதுக்கு?"

"சோப்பு விஷயம் தீரலை. அது அப்படியேதான் இருக்கு. ஆனா நானும் உள்ள வரணும்."

"தீர வேண்டாம். தலையைக் குனிஞ்சுக்கிட்டு வாங்க."

கதவு ஓர் ஆள் நுழையுமளவுக்குத் திறந்து, மறுபடி சாத்திக்கொண்டது. உள்ளே இருட்டில் பிள்ளைகள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு சத்தமில்லை.

வெளியே பாஸ்டர் வந்து தட்டினார்.

"சபாஷ், மிஸ்டர் அட்டகாய். பிள்ளைங்களைச் சீக்கிரம் அனுப்புங்க. இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கு."

தள்ளிப் பார்த்தார். கதவு அசையவில்லை.

"யாரு கதவைப் பிடிச்சிருக்கிறது? இன்னும் யாருக்கு வேலை போகணும்?"

விரிந்த பலகைக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருந்த ஹாஸ்கி, காலை நன்றாக ஊன்றிக்கொண்டார்.

"நான் உங்க சம்பளம் வாங்காதவன், பாஸ்டர். என்னை எப்படித் தூக்குறீங்கன்னு பார்க்கலாம்."