பத்து மணி மயக்கம்

நைட் ஷிஃப்ட் முடிந்து வந்த அன்புச்செல்வன் தூங்கப் போகாமல், தன் கடல்மீன் தொட்டியின் முன் காத்திருந்தான். புதிதாக வாங்கிய மஞ்சள்வால் மீன், காலை மணி பத்தானதும் தள்ளாடிச் சாய்ந்து மணலுக்குள் புதைந்துகொண்டது.

"மலரு, மூணு நாளா இதே கதிதான். செத்துப்போயிடும் போலிருக்கு. மருந்து ஊத்திடறேன்."

"இருங்க. உடம்புல புள்ளி, புண்ணு எதுனா இருக்கா?" என்று கேட்டாள் மனைவி மலர்விழி.

"ஒண்ணுமில்ல."

"நீங்க டூட்டிக்குப் போனப்புறம் ராத்திரி பத்து மணிக்கு எழுந்து வருதுங்க. தொட்டியையே சுத்திக்கினு, போட்டதையெல்லாம் தின்னுது. நோய்க்கு மணி பார்க்கத் தெரியுமா?"

மீனை விற்ற கடைக்காரருக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, நாங்க வாங்குன மஞ்சள்வால் மீனை எங்க புடிச்சாங்க?"

"ஹவாய் தீவும்மா. பிளேன்ல வந்து ஒரு வாரம்கூட ஆவல."

போனை வைத்தவள், அதிலேயே எதையோ தேடி அவனிடம் நீட்டினாள். ஹவாயில் இப்போது மணி, நேற்று மாலை ஆறரை. சூரியன் அடையும் நேரம்; இந்த மீன் மணலுக்குள் புதைந்து தூங்கப் போகும் நேரம்.

அன்புச்செல்வனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. விரல் நீள மீன்! பிளாஸ்டிக் பையில் பாதி உலகத்தைக் கடந்து வந்தும், தன் கடலின் இரவை அது கைவிடவில்லை.

"ஷிஃப்ட் மாறுனா உங்களுக்கே தூக்கம் படிய நாலு நாள் ஆவுது. அதுக்கு ஆவாதா?"

தினமும் அவனுக்காகச் செய்வதுபோலவே ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள் மலர்விழி.

"ரெண்டு பேரும் தூங்குங்க."