மெல்லக் கரையும் குளிசை

"டொக்டர், மெல்ல மெல்லக் கரையிற தைரொயிட் குளிசை எண்டு ஒண்டு இருக்காமே, அத எழுதித் தாங்க" என்றார் முனீப், கதிரையில் உட்காரும் முன்பே.

டொக்டர் கஜந்தினி சிரித்தார். "ஆர் சொன்னது, முனீப் நானா?"

"மகன் கட்டார்ல இருந்து போன்ல அனுப்பினவன். போட் எஞ்சினும் அப்பிடித்தானே? எண்ணெய் ஒரேயடியாப் பாய்ஞ்சா மூச்சடைச்சு நிண்டுபோகும். கொஞ்சங் கொஞ்சமா விட்டாத்தான் ஓடும்."

திருகோணமலைத் துறைமுகக் கரையில் படகு எஞ்சின் திருத்துபவர் அவர். பக்கத்தில் மனைவி பரீதா, முகம் ஊதிப்போய், சித்திரை வெயிலிலும் குளிருக்கு முக்காட்டை இறுக்கிக்கொண்டு இருந்தாள்.

டொக்டர் இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தார். சிரிப்புப் போய்விட்டது. "எட்டு மாசமாக் குளிசை போடுறா. ரெண்டு தரம் அளவைக் கூட்டியாச்சு. தைரொயிட் இன்னும் குறைஞ்சபடிதான் கிடக்கு. இப்பிடியே போனா இதயத்தையும் தாக்கும்."

முனீபின் குரல் இறங்கியது. "எல்லாம் என்ட பிழை டொக்டர். அஞ்சாறு வருஷமா இவ எழும்ப ஏலாமக் கிடந்தா. வருத்தமெண்டு எனக்கு விளங்கல்ல. வந்த ஆக்களுக்கு முன்னால, 'எங்கட வீட்டு மலைப்பாம்பப் பாருங்க' எண்டு பகிடி பண்ணினன்."

"விடுங்க அந்தக் கதைய" என்றாள் பரீதா.

"சாதாரணக் குளிசையே உடம்பில கன நாள் நிண்டு மெல்லத்தான் வேலை செய்யும், நானா. இவவுக்கு வேற தேவையில்லை. ஒழுங்காப் போடுறாவா?"

"ஒரு நாளும் தப்பினதில்ல!" முனீப் நிமிர்ந்தார். "விடியச் சுபஹு தொழுதிட்டு நானே குசினிக்குப் போய் பால்தேத்தண்ணி ஊத்தி, குளிசையையும் கையில குடுத்து, இவ குடிச்சு முடியுமட்டும் பக்கத்திலயே நிப்பன்."

டொக்டரின் பேனா நின்றது.

"பால்தேத்தண்ணியோடயா? அது குளிசைய உடம்பில சேர விடாதே! வெறும் வயித்தில தண்ணியோட போட்டிட்டு, ஒரு மணித்தியாலம் கழிச்சுத்தான் தேத்தண்ணி. பரீதா அக்கா, உங்களிட்ட முதல் நாளே சொன்னனான் அல்லவா?"

பரீதா ஓம் என்று தலையாட்டினாள்.

எண்ணெய்க் கறை போகாத விரல்களால் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார் முனீப். "அப்ப இந்த எட்டு மாசமும் நான்தான் உன்னக் கெடுத்ததா? தெரிஞ்சிருந்தும் ஏன் புள்ள சொல்லல்ல?"

பரீதா முக்காட்டு நுனியைத் திருகினாள்.

"கலியாணம் முடிச்சு முப்பத்தொரு வருஷத்துக்குப் பொறகு, நீங்க எனக்கு ஊத்தித் தந்த முதல் தேத்தண்ணி" என்றாள். "இப்ப வேணாமெண்டா, அடுத்த நாள் வராமப் போயிருமோ எண்டு பயந்திட்டன்."