வளைந்து கொடுக்காத கடல்பாசி

நோன்பு திறக்கச் சம்பந்தி வீட்டுக்குப் போகவேண்டிய பலகாரங்களுக்கு நடுவே, கிண்ணத்தில் உறையவைத்துத் தட்டில் கவிழ்த்த கடல்பாசி இனிப்பு நிமிர்ந்து நின்றது. பக்கத்துச் செம்பில் நன்னாரி சர்பத் இருந்தது.

"உனக்கென்று ஓர் உருவம் உண்டா, அக்கா? செம்பில் செம்பாகிறாய், குவளையில் குவளையாகிறாய். நான் யாருக்கும் வளைந்து கொடுப்பதில்லை," என்றது கடல்பாசி. யாரோ கதவைச் சாத்தினார்கள். அது உச்சி முதல் அடி வரை நடுங்கியது.

"நீயும் பெரும்பாலும் தண்ணீர்தானடி. ஒரு பிடி பாசி வலை பின்னி, ஓடவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது. அந்த உருவமும் கிண்ணம் கொடுத்தது," என்றது சர்பத்.

"பொறாமை! சம்பந்தி வீட்டில் முழுசாகப் போய் நிற்பேன், பார்."

வீட்டுக்காரி மெஹ்ராஜ் வந்தாள். சர்பத் சத்தமில்லாமல் பாட்டிலுக்குள் இறங்கிக்கொண்டது. கடல்பாசி டப்பாவுக்குள் அடங்கவில்லை. அவள் கத்தியை எடுத்தாள்.

மூடி விழுவதற்குள் துண்டுகளெல்லாம் நடுங்கிக்கொண்டே கேட்டன: "பார்த்தாயா, அக்கா? வளைந்து கொடுத்தேனா?"

"இல்லையம்மா," என்றது சர்பத். "ஒரு துண்டுகூட வளையவில்லை."